ஆறின டீ நிறக் கார்

மார்ச் 3, திங்கள்

அம்மா இன்று தட்டை வைக்கும்போதே சொல்லிவிட்டாள். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு வேலை. அவள் பில் போடுகிற அதே சூப்பர் மார்க்கெட்டில், வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறதே, அதற்குள். கூண்டில் ஒரு நாற்காலி, ஒரு மைக். அவ்வளவுதான். மூன்றாம் வரிசையில் எண்ணெய் கொட்டினால் சொல்ல வேண்டும். குழந்தை தொலைந்தால் சொல்ல வேண்டும். கிடைத்தாலும் சொல்ல வேண்டும்.

"உட்கார்ந்த இடத்துல வேலை. ஏசி வேற" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தட்டைப் பார்த்தார்.

எனக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்பு வாய்மொழித் தேர்வில் ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் நின்றவள். தேர்வு வைத்த சார் எனக்காகத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். வந்ததும் பதற்றத்தில் அவரே குடித்துவிட்டார். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்படிப்பட்ட என்னிடம் மைக்!

மார்ச் 4, செவ்வாய்

அத்தையின் கார் பட்டறைக்கு எட்டு மாதமாகப் போகிறேன். வீட்டில் சும்மா இருப்பதற்கு அங்கே போய்ச் சும்மா இரு என்று அப்பா அனுப்பியது. அத்தை அப்பாவுக்கு அக்கா. எஞ்சினை அவளே பிரிப்பாள், அவளே பூட்டுவாள், நடுவில் அதைத் திட்டவும் செய்வாள். எனக்கு உப்புத்தாள் தேய்ப்பது, பெயின்ட் கலப்பது, சீட் உறை தைப்பது. எல்லாம் வாய் தேவைப்படாத வேலை. அங்கே இருக்கிற சத்தத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதைவிட நல்ல இடம் உலகத்தில் இருக்கிறதா?

"என்னை இங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அத்தை" என்று கேட்க வேண்டும். காலையிலிருந்து நான்கு தடவை பக்கத்தில் போய் நின்றேன். நான்கு தடவையும் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசியில் ஒரு காகிதத்தில் எழுதி அவள் ஸ்பேனர் பெட்டியில் வைத்தேன்.

அத்தை அதில் கையைத் துடைத்தாள்.

மார்ச் 5, புதன்

துடைத்த பிறகு படித்தாளாம். "கோட்டான், நீ எழுதினதா இது?" என்றாள். (நான் பேசாததால் அத்தைக்கு நான் ஊமைக்கோட்டான். செல்லமாகக் கோட்டான்.)

"உங்க அம்மாகிட்ட நான் எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறது? 'என் பொண்ணு அங்க என்னத்தைக் கிழிக்கிறா'ன்னு கேட்டா, தேய்க்கிறான்னு சொல்லவா? இது முழுக்க இவ செஞ்சதுன்னு காட்ட ஒரு வேலை வேணும். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் நான் பேசறேன்."

ஒன்றாம் தேதிக்கு இருபத்தேழு நாள் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

பல் டாக்டர் வந்தார். சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் கிளினிக் வைத்திருப்பவர். போன வருடம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர். வாயைத் திறக்கச் சொல்லி என்னிடம் ஜெயித்த ஒரே ஆள்.

வண்டியை நிறுத்திவிட்டு வாசலுக்கு இரண்டு பக்கமும் பார்த்தார். டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்கு வேகமா போற கார் வேணும்" என்றார்.

"வாங்குங்க. கடைல விக்கிறான்."

"சிவப்பா, தரையோட தரையா படுத்திருக்கிற மாதிரி ஒண்ணை வாங்கி கிளினிக் வாசல்ல நிறுத்தினா வர்றவங்க என்ன சொல்வாங்க? 'இந்தச் சக்கரம் என் பல்லு, அந்தச் சக்கரம் எங்க மாமியார் பல்லு'ன்னு சுத்தி வந்து எண்ணுவாங்க."

காலையிலிருந்து மாலை வரை "மெதுவா, மெதுவா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியே அவர் வாழ்க்கை போய்விட்டதாம். ஊருக்கு வெளியே விமானம் இறங்காமல் கைவிடப்பட்ட ஓடுதளம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலையில் அங்கே கார்களை இரண்டிரண்டாக விட்டு, யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். அதில் ஒரே ஒரு தடவையாவது… என்று சொல்லி நிறுத்தினார். கண் கலங்கியது போலிருந்தது. பெயின்ட் தின்னர் வாடையாகவும் இருக்கலாம்.

"இந்தப் பழைய வண்டியே இருக்கட்டும். உள்ள மட்டும் மாத்துங்க. வெளிய பார்த்தா ஒருத்தனும் ரெண்டாவது தடவை திரும்பிப் பார்க்கக் கூடாது."

அத்தையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு பெரிய காரிலிருந்து எடுத்த ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை இரண்டு வருடமாகத் தார்ப்பாய் போட்டு மூடி, வாரா வாரம் திறந்து துடைத்து, பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அதுக்கு ஒரு இடம் அமைஞ்சிடுச்சு" என்றாள், பெண்ணைக் கட்டிக்கொடுப்பவள் மாதிரி.

மார்ச் 8, சனி

டாக்டரின் வண்டி இருபத்தைந்து வருடப் பழைய நாலு கதவுப் பெட்டி. ஆனால் மனிதர் அதைப் பல் மாதிரி வெள்ளையாகத் தேய்த்து வைத்திருக்கிறார். பளபளவென்று இருக்கிற பழைய காரை எல்லாரும் நின்று பார்ப்பார்கள். அதுதான் சிக்கல்.

அத்தை வெளிவேலையை என்னிடம் விட்டுவிட்டாள். "எட்டு மாசமா உன்னை இங்க வெச்சிருக்கேன். வர்ற போறவன் எவனும் 'யாரு இந்தப் பொண்ணு'ன்னு ஒரு நாள்கூட கேட்டதில்லை. அந்த வித்தையை இந்த வண்டிக்குச் செஞ்சு விடு. டாக்டருக்குப் பிடிச்சிருந்தா உங்க அம்மாகிட்ட நான் போறேன்."

இது பாராட்டா, திட்டா? வீடு வரும்வரை யோசித்தேன். பாராட்டு என்று முடிவு செய்துகொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

தோல்வி. கதவில் கொஞ்சம் துரு வரைந்தேன், மேலே கொஞ்சம் அழுக்கு பூசினேன். தள்ளி நின்று பார்த்தால் திருட்டுப் பயல் கார் மாதிரி இருக்கிறது. அத்தை, "இது தெருவுல போனா போலீஸ் நிறுத்தும்" என்றாள்.

அழுக்கு வேறு, சாதாரணம் வேறு. அழுக்கையும் ஜனங்கள் பார்க்கிறார்கள். சாதாரணத்தைத்தான் பார்ப்பதில்லை. அதை மனசிலிருந்து எடுக்க முடியாது. எங்கேயாவது போய்ப் பார்க்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!

சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில், தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு கார் நின்றது. டாக்டரின் மாடலேதான். நிறம் என்ன என்று சொல்வது கஷ்டம். டீயில் பால் ஊற்றி, மறந்துபோய், ஆடை கட்டின பிறகு ஞாபகம் வந்து எட்டிப் பார்த்தால் ஒரு நிறம் இருக்குமே, அது. நாற்பத்தோரு பேர் அதைக் கடந்து போனார்கள். ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பேர் அதன் மேலேயே சாய்ந்து நின்று பேசினார்கள், அப்போதும் பார்க்கவில்லை. ஒரு புறா மட்டும் பார்த்தது. அதுவும் வேறொரு தேவைக்கு.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு நிம்மதியான கார்!

மார்ச் 13, வியாழன்

மூன்று நாளாக வரைகிறேன். தையல் டேப்பால் அளக்கிறேன். இடது பின்கதவில் ஒரு கை அகல ஒடுக்கு. வலது முன்சக்கரத்தில் மட்டும் அதை மூடுகிற வீல் கப் இல்லை. பின்கண்ணாடியில் பாதி உரிந்த ஸ்டிக்கர். என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓட்டுநர் சீட்டில் கோடு போட்ட தலையணை. பின்னால் வெயிலில் வெளுத்த டிஷ்யூ பெட்டி. ஆன்டெனா கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து, யாருக்கோ வழி விடுவது போல.

முட்டைத் தட்டுகளைச் சுமந்துகொண்டு ஒரு அம்மா வந்தார். கார் அவருடையதுதான். நான் சடாரென்று குனிந்துவிட்டேன். டேப் மட்டும் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், சுருட்டினார், தள்ளுவண்டி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 15, சனி

அத்தைக்கு மனசு சரியில்லை. எஞ்சினை இறக்குவதற்கு நடுவில் ஓடி ஓடி வந்து என் வேலையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் ரப்பர் சுத்தியலில் துணியைச் சுற்றிக் கதவில் ஒடுக்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

"முப்பது வருஷமா ஒடுக்கு எடுக்கறவ நான். என் கண்ணு முன்னாடியே ஒடுக்கு போடறியே, நீ நல்லா இருப்பியா?"

பக்கத்தில் போகும்போதெல்லாம் கை தானாகப் பாலிஷ் துணியை எடுக்கிறது. இன்று இரண்டு தடவை பானட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டாள். இரண்டு தடவையும் நான் மங்க வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் பாலிஷ் டப்பாவை ஒளித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஒடுக்கு அச்சாக வந்துவிட்டது. நாலாவது முயற்சியில். வெள்ளைக்கு மேல் ஆறின டீ நிறத்தையும் அடித்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

இன்று அத்தை ஸ்டார்ட் செய்தாள். இரண்டு சைலன்சர் வைத்திருப்பதால் வெளியே கேட்பது ஏதோ பூனை குறட்டை விடுவது போலத்தான். பிரேக், ஸ்பிரிங், பின்சக்கரம் எல்லாம் பெரிய காருடையது. பழைய வீல் கப்புக்கு உள்ளே அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது, மூன்றில் மட்டும்.

"ஏறு. பட்டறைக்குப் பின்னாடி ரோடு காலியா இருக்கு" என்றாள்.

ஏறினேன். மிதித்தாள்.

என் வயிறு பட்டறையிலேயே இருந்துவிட்டது. உடம்பு மட்டும் போய்ச் சேர்ந்தது. டிஷ்யூ பெட்டி பறந்து வந்து அத்தையின் பின்மண்டையில் அடித்தது. அத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், கண்ணைத் துடைக்க டிஷ்யூ எடுத்தாள்.

பெட்டியைத் தையல் போட்டு இறுக்கிவிட்டேன்.

மார்ச் 22, சனி

டாக்டர் வந்தார். பட்டறை வாசலில் நின்று, "எங்க வண்டி?" என்றார். அவர் கை அதன் மேல்தான் இருந்தது.

"இதுவா? இதுவா! நான் யாரோ வீட்டுக்காரம்மா வண்டின்னு நினைச்சேன்!" சுற்றிச் சுற்றி வந்தார். ஒடுக்கைத் தடவினார். உரிந்த ஸ்டிக்கரைப் படிக்கப் பார்த்தார். என்னிடம் திரும்பி, "பொண்ணே, உன் கையைக் கொடு" என்று குலுக்கினார்.

"நாளைக்கு ஓடட்டும். அப்புறம் உங்க அம்மாவைப் பார்க்கறேன்" என்றாள் அத்தை.

மார்ச் 23, ஞாயிறு

டாக்டர் ஓடுதளத்திலிருந்து அத்தைக்கு போன் செய்தார். முதல் ஒரு நிமிடம் வெறும் கத்தல். பக்கத்தில் நின்றது நீல நிறத்தில் தரையோடு படுத்திருக்கிற கார், அதன் ஆள் கண்ணாடியை இறக்கி, "சார், வழி தெரியாம வந்துட்டீங்களா? வெளிய போற வாசல் அந்தப் பக்கம்" என்றானாம். கொடி விழுந்த பிறகு அவன் எதுவும் சொல்லவில்லையாம்.

அம்மாவுக்கு வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் வேலை இல்லை. அன்றைக்கு அத்தை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 26, புதன்

ஐயோ.

காலையில் டாக்டர் வந்தார். நேற்று சாயங்காலம் கிளினிக் முடிந்து கிளம்பியதிலிருந்து வண்டி சரியில்லையாம். "அக்கா, செத்துப்போச்சு. மேட்டுல ஏற மாட்டேங்குது. ஒரு சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போறான். போகும்போது மணி அடிச்சிட்டுப் போறான்!"

அத்தை பானட்டைத் திறந்தாள். உள்ளே சின்னதாக, சாதுவாக, பழைய நாலு சிலிண்டர் எஞ்சின்.

"சுருங்கிடுச்சா?" என்றார் டாக்டர்.

"துணியா அது, நனைச்சா சுருங்க?" அத்தைக்கு வேர்த்துவிட்டது. "எவனோ திருடிட்டான், டாக்டர். எஞ்சினைக் கழட்டிட்டு இதை மாட்டிட்டுப் போயிருக்கான். பாருங்க, எவ்ளோ சுத்தமா மாட்டியிருக்கான்! ஒரு போல்ட்டுல கீறல் இல்லை. யாரு பெத்த புள்ளையோ!"

டாக்டர் டிக்கியைத் திறந்தார். திறந்து, இரண்டடி பின்வாங்கினார். இருபது கிலோ சர்க்கரை மூட்டை.

"என் வண்டிலயா?" பிணத்தைப் பார்த்தவர் மாதிரி ஆகிவிட்டார். "என்னோட வண்டிலயா சர்க்கரை?"

எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. கதவு ஒடுக்கில் நான் கடைசியாகக் கொஞ்சம் பட்டி, பள்ளத்தை நிரவுகிற பசை, பூசியிருந்தேன். இதில் பட்டி இல்லை. சொல்ல வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டது. டேய் நாக்கு, இப்போதாவது…

"இது… அசல்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் பார்த்து வரைஞ்ச கார். இதுதான் அது. நாம செஞ்சது அந்தக் கார்க்கார அம்மாகிட்ட இருக்கு."

அத்தைக்குப் புரிய நேரம் பிடித்தது. "கார் பார்க்குல நின்ன ஒரு வண்டியை அப்படியே செஞ்சியா? ஒரு இடம் விடாமலா? நாலஞ்சு காரைப் பார்த்து, அதுல கொஞ்சம் இதுல கொஞ்சம்னு எடுக்கத் தோணலையா?"

தோணவில்லையே! அது மாதிரி இன்னொன்று இல்லையே!

அந்த மாடலில் பூட்டு ஒரு மரியாதைக்குத்தான் இருக்கிறது என்றாள் அத்தை. தேய்ந்துபோனால் எந்தச் சாவியும் எதையும் திறக்கும், ஸ்டார்ட்டும் செய்யும். டாக்டர் தன் வண்டியைச் சூப்பர் மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு, சாயங்காலம் அங்கே நின்ற அந்த அம்மாவின் காரில் ஏறிப் போயிருக்கிறார். அந்த அம்மா வந்து, இருந்த இன்னொன்றில் ஏறிப் போயிருக்கிறார். இரண்டு பேருக்கும் சந்தேகம் வரவில்லை; நம்பர் பிளேட்டை யார் படித்துப் பார்க்கிறார்கள்? தலையணைகூட ஒரே கோடு.

முன்கண்ணாடியில் ஒரு சீட்டு சொருகியிருந்தது. பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. "கல்யாணம். மூன்றடுக்கு கேக். வியாழன் நாலு மணிக்குள். சாயவே கூடாது!!"

வியாழன் என்றால் நாளை.

அத்தை டயர் அடுக்கில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த எஞ்சின்ல… மூணடுக்கு…" பிறகு என்னிடம், "அந்த அம்மாவை உனக்குத்தான் அடையாளம் தெரியும். நீ செஞ்சதுக்கு நீயே போய்ச் சொல்லிட்டு வா. சொல்லாம வந்தேன்னு வெச்சுக்கோ, உங்க அம்மாகிட்ட நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள்.

நியாயம்தான். ஆனால் வாயைத் திறக்காமல் இருப்பதற்காகத்தானே இவ்வளவும்.

மார்ச் 27, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றேன். பதினொன்றே காலுக்கு நம் கார் வந்தது. ஊர்ந்து வந்தது. உள்ளே அந்த அம்மா ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கால் கட்டைவிரல் நுனியில் மிதித்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் மூன்று பெரிய வெள்ளைப் பெட்டிகள், பெல்ட் போட்டு.

இறங்கினார். நேராக என்னைப் பார்த்தார். "என்னம்மா?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.

ஒண்ணுமில்லையாம்! அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது சொல்ல முடியுமா? முடியாது. அந்த முகம் மறுபடி வந்து "என்னம்மா" என்று கேட்கும். நான் மறுபடி ஒண்ணுமில்லை என்பேன். அவர் ஏறுவார். கட்டைவிரல் ஒரு தடவை வழுக்கினால் போதும். மூன்றடுக்கு, கல்யாணம், எல்லாம்.

முகம்தான் பிரச்சனை. முகமே இல்லாமல் சொல்ல முடிந்தால்?

கண்ணாடிக் கூண்டில் யாரும் இல்லை. அங்கே இருக்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். கால் எப்படிப் போனது என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பொத்தானை அழுத்தினேன்.

சொன்னது இதுதான். (அம்மா பிறகு எழுத்துக்கு எழுத்து ஒப்பித்துக் காட்டினாள்.)

"வணக்கம் வாடிக்கையாளர்களே. ஆறின டீ நிறத்துல ஒரு கார் இருக்கு. அது வெச்சிருக்கறவங்க கவனிங்க. அது உங்க கார் இல்லை. பார்க்க உங்க கார் மாதிரியே இருக்கும். உள்ள வேற. பயப்படாதீங்க. தயவுசெஞ்சு மிதிக்க மட்டும் மிதிக்காதீங்க. மிதிச்சா போயிடும். நன்றி. மூணாவது வரிசைல எண்ணெய் எதுவும் கொட்டலை."

திரும்பினால் கடையில் பாதிப் பேர் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். டீ நிறக் கார் வைத்திருந்தவர்கள், காபி நிறம் வைத்திருந்தவர்கள், சந்தேகத்துக்கு ஒரு வெள்ளைக் கார்க்காரரும். ஒருத்தர் தன் காரைக் கட்டிக்கொண்டு, "இது என்னோடதுதான், எனக்குத் தெரியும்" என்று அழாத குறையாகச் சொல்கிறார். ஒரு அம்மா கணவரிடம், "நான் அப்பவே சொன்னேன்ல, உள்ள வேறன்னு" என்கிறார். எண்ணெய் கொட்டவில்லை என்றதும் எல்லாரும் மூன்றாம் வரிசையைத் தவிர்த்து ஓடியதில் நாலாம் வரிசையில் மாவு அடுக்கு சரிந்துவிட்டது.

ஒரே ஒருத்தர் மட்டும் ஓடவில்லை. ரிப்பன் சுருளோடு கூண்டின் முன்னால் வந்து நின்றார். கேக் அம்மா.

"என் கார் க்ரீம் கலர்" என்றார். "ஆனா உள்ள வேறன்னு சொன்னே பாரு, அது என் கார்தான்."

கண்ணாடி நடுவில் இருந்தது. அதனாலோ என்னவோ, எல்லாம் கொட்டிவிட்டேன். டாக்டர், எஞ்சின், டேப், ஒடுக்கு, பட்டி. மைக்கை அணைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டரின் ரகசியம் இப்போது ஊருக்கே தெரியும்.

கேக் அம்மா கோபப்படவில்லை. "செவ்வாய்க்கிழமைலேர்ந்து ஒரு மாதிரி இருக்குன்னு பார்த்தேன். புதுச் செருப்பு வாங்கினேன், அதனால மிதி பலமா விழுதுன்னு நினைச்சேன். நேத்து ஒரு பிறந்தநாள் கேக் பின்கண்ணாடில ஒட்டிக்கிச்சு. எழுத்து மட்டும் நேரா ஒட்டியிருந்தது" என்றார்.

அப்புறம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "ஆனா நேத்து இன்னொரு கேக்கை இறக்கிட்டு வரும்போது பாலத்துல ஒரு தடவை நல்லா மிதிச்சேன். முப்பது வருஷமா சாயாம ஆடாம ஓட்டறேன்மா. எனக்கு இப்படி ஒரு கால் இருக்குன்னே தெரியாது."

டாக்டருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. கிளினிக் வரை மைக் கேட்டிருக்கிறது. வெள்ளைக் கோட்டோடு அந்த அம்மாவின் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு நோயாளி வாயில் பஞ்சோடு பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்தார்.

"உங்க சர்க்கரை பத்திரமா இருக்கு" என்றார் டாக்டர், அது ஏதோ துப்பாக்கி மாதிரி.

"உங்களுக்கு ஆள் அனுப்பறதே நான்தானே, டாக்டர்" என்றார் கேக் அம்மா.

மூன்று அடுக்கையும் கார் விட்டுக் கார் மாற்றினோம். மேலடுக்கை டாக்டர்தான் தூக்கினார். கையில் ஒரு நடுக்கம் இல்லை. "மெதுவா, மெதுவா, ஒண்ணும் ஆகாது" என்று கேக்கிடம் சொல்லிக்கொண்டே போனார்.

நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்ததாம். சாயவில்லையாம்.

மார்ச் 28, வெள்ளி

நேற்று நான் மைக்கில் சொன்னதை ஒப்பித்துக் காட்டியதோடு சரி, அம்மா அப்புறம் பேசவில்லை. இன்று காலை தலை பின்னிவிடும்போது பேசினாள்.

"மேனேஜர் சொல்லிட்டார். அந்தக் கூண்டுக்குப் பத்தடிக்குள்ள நீ வரக் கூடாதாம்."

நான் தலையை ஆட்டினேன். சந்தோஷம் பின்னலில் தெரிந்துவிடக் கூடாதே என்று ஆடாமல் ஆட்டினேன்.

"மைக்குல யாரு பேசறதுன்னு பக்கத்துல பில் போடறவ கேட்டா. தெரியலையே, குரல் நல்லா கணீர்னு இருக்கேன்னு சொன்னேன்." பின்னலை இறுக்கினாள். "பெத்தவளுக்கே தெரியலை. வீட்டுலயும் ஒரு நாள் அப்படிப் பேசேன்டி."

"சரிம்மா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

அத்தை வீட்டுக்கு வந்தாள், டாக்டரையும் இழுத்துக்கொண்டு. அம்மா கதவைத் திறந்ததும், "கார் மாறிப் போச்சாமே, இதையா நல்ல வேலைன்னு சொல்றீங்க அண்ணி?" என்றாள்.

அத்தை டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பல்லைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார்: "என் கார் சாதாரணமா தெரியணும்னு கேட்டேங்க. எனக்கே என் காரு தெரியலை. இதுக்கு மேல ஒருத்தர் என்ன செஞ்சு கொடுக்க முடியும்?"

அம்மா யோசித்தாள். அப்பா என்னைப் பார்த்து, தட்டே இல்லாத நேரத்தில், ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"மத்தியானச் சாப்பாடு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடணும்" என்றாள் அம்மா அத்தையிடம்.

அவ்வளவுதான். அவ்வளவுதான்!

ஏப்ரல் 1, செவ்வாய்

பட்டறை. இன்று மூன்று பம்பர் தேய்த்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

கேட்டார்கள். கேக் அம்மா வந்து, அத்தையைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். "என் காரையும் அதே மாதிரி செஞ்சு கொடு. வெளிய ஒரு புள்ளி மாறக் கூடாது. கேக் கொண்டுபோறப்ப மட்டும் சாதுவா போறதுக்கு ஒரு பொத்தான் வேணும்."

"செய்யலாம். ரெண்டு மாசம் ஆகும்" என்றேன். நான்தான் சொன்னேன். அத்தை எஞ்சினுக்குக் கீழே படுத்திருந்தவள் தலையை இடித்துக்கொண்டாள்.

மே 20, செவ்வாய்

அத்தை இரண்டாவது ஆறு சிலிண்டரைத் தேடிப் பிடித்துவிட்டாள். முதலாவதைவிட இது அடக்கம் என்கிறாள். முகம் பார்த்துச் சொல்கிறாளாம்.

ஜூன் 15, ஞாயிறு

ஓடுதளம். டாக்டரும் கேக் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில். கொடி அசைக்கிறவர் இரண்டு கார்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெட்டைப் புள்ளைங்களா?" என்றார். அத்தை புறப்படும் இடத்தில். நான் கோட்டுக்குப் பக்கத்தில்.

முடிவு எழுதுகிறவர் தாளில் "ஜெயித்தது: டீ நிறக் கார்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சாப்பிடப் போய்விட்டார்.

இரண்டு பேரும் இறங்கி ஓடி வந்தார்கள்.

"நான்தானே?"

"நீங்களா? உங்க மூக்கு என் கண்ணாடிக்குப் பின்னால இருந்தது, டாக்டர்!"

"கண்ணாடியைப் பார்த்து ஓட்டினீங்களா, ரோட்டைப் பார்த்து ஓட்டினீங்களா?"

அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீ இங்கதானே நின்னே? சொல்லு. யாரு?"

எனக்குத் தெரியும். ஒரு கை அகலம்தான் வித்தியாசம், நன்றாகப் பார்த்தேன். சொல்லவும் முடியும். வார்த்தை வாசல் வரை வந்து நின்றது.

ஆனால் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு இரண்டு பேரில் ஒருத்தர் வர மாட்டார்.

"தூசில சரியா தெரியலை" என்றேன். "இன்னொரு தடவை விடுங்களேன்."

நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் காருக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.